ஊசிக் கணக்கு

எனக்குத் தைக்கத் தெரியாது.
முப்பது வருடம் சரக்கு ரயிலில்
பெட்டிகளை எண்ணியவன்;
இப்போது வியாழன்தோறும் தேவாலய நிலவறையில்
ஊசிகளை எண்ணுகிறேன்.
காலையில் கொடுத்தது, மாலையில் வாங்கியது,
கீழே ஒரு கோடு.
அவ்வளவுதான் என் ஊழியம்.

இந்த வாரம் ஏழு நாளும் வியாழன்.
வடக்கே காடு எரிகிறது.
சஸ்காட்சுவானின் பாதி வானம்
பரங்கிப்பழத் தோல் நிறம்.
வீட்டைப் பூட்டாமலே கிளம்பியவர்கள்
நகரத்துப் பள்ளிக்கூடத்தில், கூடைப்பந்து வளையத்தின் கீழே,
மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு நாற்பத்திரண்டு ஒட்டுப் போர்வைகள்.
ஒரிசியாவின் மகன் விட்டுப்போன கோடு போட்ட சட்டைகள்,
மூடிப்போன விடுதியின் திரைச்சீலை,
வெர்னாவின் மணப்பெண் தோழி உடைகள்
(நாலு கல்யாணம், நாலும் ஊதா).
எல்லாம் சதுரமாகி
பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டி
பஞ்சை நடுவில் வைத்துக்கொண்டன.

லாரி வந்துவிட்டது.
டார்சி எஞ்சினை அணைக்கவில்லை.
நான் எண்ணினேன்.
காலையில் அறுபது. இப்போது ஐம்பத்தொன்பது.
இன்னொரு முறை, உரக்க. ஐம்பத்தொன்பது.

யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.
டெல்ஃபின் மட்டும் சொன்னாள்:
"லோர்ன், ஏதோ ஒரு குழந்தை
அதைத் தேடாமலே கண்டுபிடிக்கும்."

கட்டிய கயிறுகளை அவிழ்த்தோம்.

மேசையில் ஒவ்வொன்றாய் விரித்து
பதினோரு பேரின் உள்ளங்கைகள்
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு,
அடியில் இருப்பது மேசை அல்ல,
காய்ச்சலில் கிடக்கும் முதுகு என்பதுபோல்.
நான் காந்தத்தோடு பின்னால் நடந்தேன்.
வைக்கோற்போரில் ஊசி தேடுகிறவனுக்குக்
கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒரு ஊசி.
எங்களுக்கு அப்படியில்லை.

முப்பத்தோராவதில் வெர்னா கையை உதறினாள்.
மஞ்சள் சதுரத்தில் ஒரு சொட்டு.
"துப்பு" என்றாள் ஒரிசியா,
"உன் ரத்தத்தை உன் எச்சில்தான் எடுக்கும்."
வெள்ளை நூலைச் சுருட்டி வாயில் நனைத்து
வெர்னா ஒற்றி ஒற்றி எடுத்தாள். போய்விட்டது.
ஆனாலும் அதைத் துவைக்கத் தனியே போட்டோம்.
சிரிப்பு. யாரோ காபி ஊற்றினார்கள்.

நான் ஊசியை விளக்கடியில் பிடித்தேன்.
குட்டை.
காணாமல் போனது நெட்டை.

அந்தக் காபியை யாரும் குடிக்கவில்லை.

மீதி பதினொன்று.
பிறகு முதல் முப்பதும் மறுபடி.
டார்சி எஞ்சினை அணைத்து, கை கழுவி வந்து,
சொல்லாமலே வெர்னாவின் இடத்தில் நின்றான்.
நெட்டை ஊசி கடைசியில்
டெல்ஃபினின் ஸ்வெட்டர் மார்பில் இருந்தது,
சிவப்பு நூல் வாலோடு,
மாலை முழுக்க நாங்கள் எல்லோரும்
பார்த்துப் பேசிக்கொண்டிருந்த இடத்தில்.

நாற்பத்தொன்றோடு லாரி கிளம்பும்போது மணி பத்து.

அறுபதுக்கு அறுபது. கோடு போட்டேன்.
கையில் குட்டை ஊசி, அறுபத்தொன்றாவது.
எந்த வியாழனின் பாக்கி இது?
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
ஆறு வருடம். எந்தப் பக்கத்திலும் ஒன்று குறையவில்லை.
எல்லாம் சரி, எல்லாம் என் கையெழுத்து.
டயாலிசிஸ் வார்டுக்குப் போனவை,
பெண்கள் காப்பகத்துக்குப் போனவை,
கைக்குட்டை அளவில்
குறைமாதக் குழந்தைகளுக்குப் போனவை.

வீட்டில் விளக்கை அணைக்காமல்
என் கம்பளியை விரித்துத் தடவினேன்,
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு.
கடையில் வாங்கியது.
எந்த ஊரில் யார் தைத்தார்களோ.
அங்கேயும் ஒருவன்
எண்ணியிருக்க வேண்டும்.